வந்து சேராமலே இறந்தவன்

ஜோசஃப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலில், யோசாரியன் என்ற விமானப்படை வீரனுடைய கூடாரத்தில் இறந்தவன் ஒருவன் குடியிருக்கிறான். மட் என்பது அவன் பெயர். இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலியை ஒட்டிய பியனோசா தீவில் இயங்கும் அமெரிக்கத் தளத்துக்குப் புதிதாக வந்தவன், வருகையைப் பதிவுசெய்யும் அலுவலகத்தைத் தேடிப் போய், தவறுதலாக வேறொரு கூடாரத்துக்குள் நுழைந்துவிடுகிறான். ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் அவனை அப்படியே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட, இரண்டு மணி நேரம் முடிவதற்குள் ஆர்வியேட்டோ நகரத்தின் மேல் கொல்லப்படுகிறான். பதிவேட்டின் கணக்கில் அவன் வரவே இல்லை. வராத ஒருவன் இறந்துவிட்டான் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதனால் கட்டிலின் மேல் கிடக்கும் அவனுடைய உடைமைகளை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும் அதிகாரமும் யாருக்கும் இல்லை. யோசாரியன் அவற்றின் பக்கத்தில்தான் நாள்தோறும் படுத்து எழுகிறான்.

இந்தப் பகுதியை முதன்முறை படிக்கும் எவரும் சிரித்துவிடுவார்கள். சிரிக்கவைப்பதற்காகவே எழுதப்பட்ட பகுதி அது. ஆனால் அந்தச் சிரிப்பு எங்கே நின்றுகொண்டு வருகிறது என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. மட் யார், எந்த ஊர்க்காரன், அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நினைத்திருப்பான் என்ற கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, பதிவேடு எழுதும் எழுத்தருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய சிக்கலைத்தான் நாம் ரசித்துக்கொண்டிருக்கிறோம். போரைப் பற்றிய அங்கத நாவல்களில், மனிதன் தன்னிடமிருந்தும் தன் செயலிடமிருந்தும் விலகிப்போகும் அந்நியமாதல் என்ற கருப்பொருளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கதாபாத்திரங்களின் தனிமையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வாசகனுக்கு நேர்வது. ஒரு மனிதனைக் கோப்பாக மட்டும் பார்க்கும் தொலைவுக்கு நகைச்சுவை நம்மையும் அழைத்துப் போகிறது. நாம் அங்கே வசதியாக அமர்ந்த பிறகு, நல்ல நாவல் அந்த நாற்காலியை உருவிவிடுகிறது.

முதலில் கோப்பின் பக்கத்தைப் பார்க்கலாம். படைப்பிரிவின் மருத்துவரான டாக் டனீகாவுக்கு விமானம் என்றாலே பயம். ஆனால் மாதந்தோறும் குறிப்பிட்ட நேரம் பறந்தால்தான் பறப்புப் படி கிடைக்கும். ஆகவே மெக்வாட் என்ற விமானி தன் விமானத்தின் பயணப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிடுவது வழக்கம். ஒருநாள் மெக்வாட் விளையாட்டாகக் கடற்கரையின் மேல் மிகத் தாழ்வாகப் பறந்து, மிதவையில் நின்றுகொண்டிருந்த கிட் சாம்ப்சன் என்ற இளைஞனை உடல் துண்டாகும்படி மோதிக் கொன்றுவிடுகிறான். பிறகு விமானத்தை மலையில் மோதித் தானும் இறக்கிறான். பட்டியலின்படி டாக்டரும் அந்த விமானத்தில் இருக்கிறார். அவரோ கரையில் மற்றவர்களோடு நின்று, நான் இங்கேதானே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் உதவியாளர்களே அவருடைய உடல் சூட்டைச் சோதித்துவிட்டு, நீங்கள் இறந்துவிட்டீர்கள், அதனால்தான் உங்களுக்கு எப்போதும் குளிர்கிறது என்று விளக்கம் தருகிறார்கள். முதல் இரண்டு சாவுகளுக்காக வீரர்கள் கட்டாயம் பறக்கவேண்டிய தாக்குதல்களின் எண்ணிக்கையை 65 ஆக உயர்த்திய கர்னல் கேத்கார்ட், டாக்டரும் போய்விட்டார் என்று தெரிந்ததும் அதை 70 ஆக்குகிறார்.

ஊரில் இருக்கும் டனீகாவின் மனைவிக்கு முதலில் நிஜமான துக்கம் இருக்கிறது. பிறகு காப்பீட்டுத் தொகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிகின்றன. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று கணவன் கெஞ்சி எழுதிய கடிதமும் வருகிறது. அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போது கர்னலின் இரங்கல் கடிதம் வந்து சேர்கிறது. அச்சடித்த படிவம் அது. கணவர், மகன், தந்தை, சகோதரர் ஆகிய எல்லா உறவுகளும், கொல்லப்பட்டார், காயமடைந்தார், காணாமல் போனார் ஆகிய எல்லா நிலைகளும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன, பொருந்தாதவற்றை அடித்துவிடக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, புதிய முகவரியை யாருக்கும் சொல்லாமல், மிச்சிகனில் உள்ள லேன்சிங் நகரத்துக்குக் குடிபெயர்கிறாள். மட் இறந்தும் இறக்காதவன், டனீகா இறக்காமலே இறந்தவர் என்ற இந்த இரட்டைக் கணக்கு நாவலின் முதுகெலும்பு என்றே சொல்வேன். இருவருக்கும் இடையில் மாறாமல் நிற்பது ஒன்றுதான்: உடல் சொல்வதைத் தாள் ஏற்றுக்கொள்வதில்லை.

ஹெல்லர் இதை வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. 1923இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர் 19 வயதில் படையில் சேர்ந்து, கோர்சிகா தீவிலிருந்து பி-25 ரக விமானங்களில் குண்டு வீசும் பொறுப்பாளராக 60 தாக்குதல்களுக்குப் பறந்தவர். ஆனால் நாவலை எழுதியது 1950களில், பகலில் பத்திரிகை நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுகளில் வேலை பார்த்துவிட்டு வந்த மாலை நேரங்களில். முதல் அத்தியாயம் 1955இல் ‘கேட்ச்-18’ என்ற பெயரில் ஒரு இலக்கியத் தொகுப்பில் வந்தது. லியான் யூரிஸின் ‘மிலா 18’ என்ற நாவலும் அதே சமயத்தில் வரவிருந்ததால் 1961இல் புத்தகமாகும்போது எண் மாறியது. ஆகவே நாவலில் வரும் படைத்தளம் பாதிதான் போர்க்களம். மறு பாதி, சுற்றறிக்கையும் பதவி உயர்வும் விசுவாசப் பிரமாணமும் நிறைந்த ஐம்பதுகளின் அமெரிக்க அலுவலகம். சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் முன் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் கேப்டன் பிளாக்கின் இயக்கம், அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்தின் நேரடி நிழல். மேஜர் என்ற பெயருடைய ஒருவரை மேஜர் பதவிக்கு உயர்த்தியது ஒரு ஐ.பி.எம். இயந்திரம். பதவி வந்ததும் நண்பர்களை இழந்த அந்த மனிதர், தான் அறைக்குள் இருக்கும்போது யாரையும் உள்ளே விடக்கூடாது, தான் வெளியே போன பிறகு எல்லோரையும் விடலாம் என்று உத்தரவிட்டுவிட்டு, ஆள் வரும் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறார். நம்மில் அலுவலகம் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை ஒரு தடவையாவது வந்திருக்கும்.

பெயரும் சாவும் மட்டும் கைவிட்டுப் போவதில்லை, கையெழுத்தும் போய்விடுகிறது. விசாரணைக்கு இழுத்துவரப்பட்ட படைப் பாதிரியாரைத் தன் பெயரை எழுதிக்காட்டச் சொல்கிறார்கள். எழுதுகிறார். இது உன் கையெழுத்தே இல்லை, இதிலும் பொய் சொல்கிறாய் என்கிறார்கள். கண்ணெதிரே எழுதியதைக்கூட ஒருவர் நிரூபிக்க முடியாத அறை அது. இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று மருத்துவமனையில் நடக்கிறது, நாவலின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று என்று நான் நினைப்பதும் அதைத்தான். சாகக் கிடக்கும் ஒரு படைவீரனைப் பார்க்கப் பெற்றோரும் அண்ணனும் தொலைவிலிருந்து வருகிறார்கள். மகன் ஏற்கெனவே இறந்துவிட்டான். யோசாரியனைக் கட்டிலில் கிடத்தி, கட்டுப்போட்டு, அந்த மகனாக நடிக்கவைக்கிறார்கள். வந்தவர்கள் ஜூசெப்பே என்று அழைக்கிறார்கள். என் பெயர் யோசாரியன் என்று அவன் சொல்லிப்பார்க்கிறான், அவர்கள் விடுவதாயில்லை. எல்லோரும் சாகிறவர்கள்தானே, இதில் பெயர் எதற்கு என்பதாக அந்த உரையாடல் போகிறது. அடையாளத்தை அழிப்பதற்காக அரசு இயந்திரம் செய்யும் அதே ஆள்மாற்றம், இங்கே ஒரு தாயின் கையில் பரிவாக மாறிவிடுகிறது. இழந்த பெயருக்குள் இன்னொருவனுக்கு இடம் கிடைக்கிறது. அங்கதம் எழுதுபவர்கள் பலருக்கு இந்த ஒரு திருப்பம் கைகூடுவதே இல்லை.

குண்டு வீசுபவனுக்குத் தன் செயலோடு உள்ள உறவைப் பற்றி ஹெல்லர் எழுதுவது இன்னும் கூர்மையானது. ஜெர்மானியப் படைகளின் வழியை அடைப்பதற்காக, ராணுவ முக்கியத்துவமே இல்லாத ஒரு சிறிய மலைக் கிராமத்தைத் தரைமட்டமாக்கும்படி உத்தரவு வருகிறது. விமானச் சத்தம் கேட்டால் குழந்தைகளும் கிழவர்களும் கையசைக்க வெளியே ஓடிவருவார்களே, முன்கூட்டியே எச்சரிக்கக் கூடாதா என்று யோசாரியனின் நண்பனான டன்பார் கேட்கிறான். மேலதிகாரிகளுக்கு அந்தக் கேள்வியே புரிவதில்லை. அவர்களுக்கு வேண்டியது குண்டுகள் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுந்திருக்கும் அழகான வான்வழிப் புகைப்படம். அந்த ‘நெருக்கமான வடிவம்’ என்ற சொற்றொடரைச் சில வாரங்களுக்கு முன் தானே இட்டுக்கட்டியதாகவும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்றும் ஜெனரல் பெக்கம் இன்னொரு அதிகாரியிடம் பெருமையாக ஒப்புக்கொள்கிறார். உழைப்பாளி தான் செய்த பொருளிலிருந்து அந்நியமாகிறான் என்று மார்க்ஸ் எழுதினார். இங்கே செய்யப்படும் பொருள் மரணம், கடைசியில் மேசைக்குப் போய்ச் சேருவது புகைப்படம், செய்தவன் இரண்டையும் பார்ப்பதில்லை. டன்பார் தன் குண்டுகளைக் கிராமத்தைத் தாண்டி வீசிவிடுகிறான். பின்னால் ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அவனை ‘காணாமல் ஆக்கிவிடுகிறார்கள்’. எங்கே, எப்படி என்று நாவல் சொல்வதில்லை. அந்தச் செயப்படுபொருள் குன்றா வினை நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே பழகிப்போன ஒன்று.

மெஸ் அதிகாரி மைலோ மைண்டர்பைண்டரைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் பங்குண்டு என்று சொல்லிக்கொண்டு ஜெர்மானியர்களோடு ஒப்பந்தம் போட்டு, சொந்தத் தளத்தின் மேலேயே குண்டு வீசும் வணிகன் அவன். யாருடைய பங்கு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு நகர்கிறேன்.

இந்த நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு: இதில் மனிதர்களே இல்லை, எல்லோரும் கேலிச்சித்திரங்கள், ஒரே நகைச்சுவை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் நூறு பக்கங்களுக்கு அந்தக் குறை நியாயமானதுதான். ஆனால் திரும்ப வருவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலான இரத்தத்தோடு வருகிறது. அவின்யோன் நகரத்தின் மேல் பறந்தபோது காயம்பட்ட ஸ்னோடன் என்ற இளைஞனைப் பற்றிய குறிப்பு நாவலின் தொடக்கத்திலேயே, ஒரு வேடிக்கைக் கேள்வியின் பகுதியாக வந்துவிடுகிறது. நடுவில் சில வரிகள், பிறகு இன்னும் சில வரிகள். முழுக் காட்சி இறுதிக்குச் சற்று முன்புதான். யோசாரியன் அவனுடைய தொடைக் காயத்தைக் கவனமாகச் சுத்தம் செய்து கட்டுப்போடுகிறான், தன் வேலையில் திருப்தியும் அடைகிறான். பையன் குளிர்கிறது, குளிர்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பாதுகாப்புக் கவசத்தைத் திறந்தால் உள்ளே குடல் சரிந்து விழுகிறது. மனிதன் என்பவன் வெறும் சடப்பொருள் என்பதை யோசாரியன் அப்போது கண்ணால் பார்க்கிறான். டாக் டனீகாவுக்கு எப்போதும் குளிர்வதைப் பற்றி நாம் சிரித்தது இதற்கு முந்தைய இருநூறு பக்கங்களுக்குள்தான் நடந்தது. ஹெல்லரின் சொந்த அனுபவத்தில், 1944 ஆகஸ்டில் அதே அவின்யோனின் மேல், விமானத்தில் உடனிருந்த துப்பாக்கி வீரன் ஒருவனுக்குக் காலில் காயம்பட்டது. அவன் பிழைத்துக்கொண்டான். நாவலில் அந்தத் தொடைக் காயம் அப்படியே இருக்கிறது. சாவை மட்டும் ஹெல்லர் அதற்கு மேலே, கவசத்துக்குள் வைத்தார். வாசகனும் யோசாரியனைப்போலவே இத்தனை நேரமும் தவறான காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தான் என்பது அந்த இடத்தில்தான் உறைக்கிறது.

மட்டின் கதையும் இப்படித்தான் திரும்ப வருகிறது. யோசாரியனின் கூடாரத்துக்குப் புதிதாக நான்கு பேரை அனுப்புகிறார்கள். இருபதைத் தாண்டியும் தாண்டாத, களிப்பான, கள்ளமில்லாத பையன்கள். பல மாதங்களாக எந்த அலுவலகத்தாலும் தீர்க்க முடியாத சிக்கலை, மட்டின் உடைமைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதருக்குள் எறிந்து, அவர்கள் ஒரே நடையில் தீர்த்துவிடுகிறார்கள். படிவம், அதிகாரம், பதிவேடு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதிவேட்டின் முட்டாள்தனம் ஒன்றுதான் அதுவரை மட்டுக்கு உலகத்தில் ஓர் இடத்தைக் கொடுத்து வைத்திருந்தது.

இதை யாரோஸ்லாவ் ஹாஷெக்கின் ‘நல்ல படைவீரன் ஷ்வெய்க்’ நாவலோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செக் எழுத்தாளரான ஹாஷெக் முதல் உலகப்போரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 91ஆவது ரெஜிமெண்டில் இருந்தவர். 1915இல் ரஷ்யர்களிடம் சிக்கினார். பிறகு செக் படையணியிலும், செம்படையிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பி, 1921இல் நாவலைத் தொடங்கி, முடிக்காமலே 1923 ஜனவரியில் இறந்தார். ஷ்வெய்க்கின் நிலைமை யோசாரியனுடையதைவிட மோசம். அவனுடைய பேரரசு அவனுடையது இல்லை, கட்டளையிடும் மொழி அவனுடையது இல்லை. பல இன மக்கள் நிறைந்த அந்தப் படைக்குச் சுமார் 80 ஜெர்மன் கட்டளைச் சொற்களே பொதுமொழி. முட்டாள் என்று மருத்துவக் குழுவே சான்றளித்திருக்கிறது. குளக்கரையில் கிடந்த ரஷ்யச் சீருடையை அவன் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று போட்டுப் பார்க்க, சொந்தப் படையே அவனைப் போர்க்கைதியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்நியமாதலுக்கு இதைவிடச் சுருக்கமான உருவகம் கிடைக்காது.

ஆனால் அவன் யோசாரியனைப்போல அலறுவதில்லை. ஒவ்வொரு மிரட்டலுக்கும் பதிலாக ஒரு கதை சொல்கிறான். கதையில் வருபவருக்குப் பெயர் இருக்கும், தெரு இருக்கும், தொழில் இருக்கும். நாவல் தொடங்குவதே அப்படித்தான். நம்ம ஃபெர்டினாண்டைக் கொன்றுவிட்டார்களாம் என்று வீட்டு வேலை செய்யும் அம்மாள் சொல்லும்போது, எந்த ஃபெர்டினாண்ட் என்று கேட்கிறான்: மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு தெரியாமல் தலைமுடித் தைலத்தைக் குடித்தவனா, நாய்ப் பீ பொறுக்கும் கொகோஷ்காவா? பட்டத்து இளவரசனை அந்த வரிசையில் மூன்றாவதாக நிறுத்தியபோதே பேரரசு பாதி விழுந்துவிட்டது. படை மனிதர்களிடமிருந்து பெயரை உருவிக்கொண்டே போக, இவன் பிராக் நகரத்துத் தெருக்களிலிருந்து பெயர்களை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். அவன் உண்மையிலேயே முட்டாளா, நடிக்கிறானா என்று நூறு ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். எனக்கு அது வீண் விவாதமாகத் தோன்றுகிறது. கதை சொல்லி முடியும்வரை அவனைக் களத்துக்கு அனுப்ப முடியாது. நாவல் நின்றுபோன இடம்வரை அவன் போர்முனையில் ஒரு சண்டையும் போட்டதில்லை.

பெயர் என்று பேச்சு வந்ததால் ஹெல்லரின் பெரிய குறையையும் சொல்லிவிட வேண்டும். நேட்லி என்ற இளம் அதிகாரி ரோமில் காதலிக்கும் பெண்ணுக்கு நாவல் முழுவதும் பெயரே கிடையாது. நேட்லியின் வேசி என்றுதான் வருகிறாள், அவளுடைய தங்கை வேசியின் தங்கை. ஒரு மட்டுக்காகவும் ஒரு ஸ்னோடனுக்காகவும் இத்தனை பக்கங்கள் துக்கம் காக்கும் புத்தகம், நேட்லி இறந்த செய்தியைக் கேட்டு வெறிபிடித்தவளாக மாறும் ஒருத்தியைப் பெயரில்லாமலே கத்தியோடு ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறது. திட்டமிட்டுச் செய்த அங்கதம் என்று சிலர் காப்பாற்றப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ரோம் நகரத்து அத்தியாயத்தில் மிக்கேலா என்ற பணிப்பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. ஆர்ஃபி என்ற அதிகாரி அவளைப் பலாத்காரம் செய்து, ஜன்னல் வழியே தெருவில் வீசிக் கொன்றுவிடுகிறான். ராணுவப் போலீஸ் வருகிறது; அனுமதிச் சீட்டு இல்லாமல் ரோமுக்கு வந்த குற்றத்துக்காக யோசாரியனைப் பிடித்துக்கொண்டு போகிறது, ஆர்ஃபியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. தாளின் தர்க்கம் இங்கே நகைச்சுவை என்ற சட்டையை முழுவதுமாகக் கழற்றிவிடுகிறது. அதே ரோமில்தான், தன் வீட்டிலிருந்த பெண்களையெல்லாம் துரத்தியடித்த படையினர் கேட்ச்-22 என்ற விதியைச் சொல்லித் துரத்தியதாகவும், அந்த விதியைக் காட்டவேண்டியதில்லை என்பதும் விதியிலேயே இருப்பதாகச் சொன்னதாகவும் ஒரு கிழவி அழுகிறாள். அப்படியொரு விதி எங்குமே எழுதப்படவில்லை என்று யோசாரியனுக்குப் புரிகிறது. எழுதப்பட்டிருந்தால் கிழிக்கவாவது முடியும்.

அந்த விதி நமக்கு முதலில் விளக்கப்படுவது ஆர் என்ற விமானியை வைத்துத்தான். பித்துப்பிடித்தவனைப் பறப்பதிலிருந்து விலக்கலாம், அவன் கேட்டால் போதும்; கேட்டால் தன் உயிரைப் பற்றிக் கவலைப்படும் தெளிந்த புத்திக்காரன் ஆகிவிடுவான், ஆகவே பறக்கவேண்டும். ஆரைத் தளத்தில் எல்லோரும் கோமாளியாகத்தான் பார்க்கிறார்கள். விமானத்தை அடிக்கடி கடலில் இறக்கிவிடுகிறான். கூடாரத்தில் உட்கார்ந்து அடுப்பின் வால்வை நுணுக்கமான துண்டுகளாகப் பிரித்து, மறுபடி கோத்து, மறுபடி பிரித்துக்கொண்டே இருக்கிறான், யோசாரியனுக்கு அவனைக் கொல்லலாம்போல வருகிறது. குளிர்காலத்தில் கூடாரம் கதகதப்பாக இருக்கவேண்டும், அப்போது தான் இருக்கமாட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுப்பை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் காணாமல் போகிறான். கடைசியில், அவன் சிறு படகில் துடுப்புப் போட்டே ஸ்வீடனை அடைந்துவிட்டான் என்ற செய்தியைப் பாதிரியார் கொண்டுவரும்போது, விமானங்கள் விழுந்ததெல்லாம் ஒத்திகை என்று தெரியவருகிறது.

நம்ப முடியாத முடிவு, நாவல் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறது என்ற குற்றச்சாட்டை நான் பலமுறை படித்திருக்கிறேன். மத்தியதரைக்கடலிலிருந்து ஸ்வீடனுக்குத் துடுப்புப் போட முடியாது என்பது ஹெல்லருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தளம் முழுவதிலும் தன் கையால் ஒரு பொருளை, அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவனை மனத்தில் வைத்து, முழுமையாகச் செய்து முடிப்பவன் ஆர் ஒருவன்தான். மற்றவர்களின் வேலை புகைப்படமாகவும் பங்குப் பத்திரமாகவும் பதிவேட்டு எண்ணாகவும் எங்கோ போய்விட, அவனுடைய வேலை அடுப்பாக அங்கேயே எரிகிறது. அவனுக்கு மட்டும் வழி கிடைப்பதில் எனக்கு எந்தத் தர்க்கப் பிழையும் தெரியவில்லை. யோசாரியனுக்கு அந்தக் கைத்திறன் இல்லை. செய்தியைக் கேட்டு உற்சாகத்தில் ஓடமட்டும் தெரிகிறது. 1994இல் ஹெல்லர் எழுதிய தொடர்ச்சியான ‘குளோசிங் டைம்’ நாவலில் அவன் முதியவனாக நியூயார்க்கில் வசிக்கிறான். வேலை, மைலோவின் நிறுவனத்தில் ஆலோசகர்.